குளித்துவிட்டுப் போன குற்றம்

ஆறு வருடங்களாகப் பிள்ளைகளைத் தூக்கிய கை அது. ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அதை யாரும் தொடக்கூடாத கையாக்கிவிட்டார்கள்.

மடுல்சீமையில் பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல் ஏறினால்தான் அந்தத் தேயிலைத் தோட்டப் பிரிவு வரும். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் இராக்கம்மா ஆயாவாக இருந்தாள். வயது நாற்பத்து நான்கு. பதினாறு வயதில் கூடையைத் தலையில் மாட்டியவள், இருபத்திரண்டு வருடம் மலையில் நின்று, முழங்கால் தேய்ந்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தாள். வயிற்றில் தங்கிய இரண்டு பிள்ளைகளும் பூமியில் தங்கவில்லை. அதனால்தானோ என்னவோ, பதினொரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழுதாலும் அவளுக்குத் தலை வலித்ததே இல்லை.

அந்தத் திங்கட்கிழமை, எட்டு மாதத் துவாரகனை வாங்க அவள் கையை நீட்டினாள். குழந்தையின் தாய் கிருஷாந்தி, இருபத்து மூன்று வயதுக்காரி, பிள்ளையைக் கொடுக்காமல் ஓர் அடி பின்னால் போனாள்.

"அக்கா, கையக் காட்டுங்க."

"என்னாத்துக்கு?"

"காட்டுங்கன்னா."

இராக்கம்மா விரல்களை மூடிக்கொண்டாள். கிருஷாந்தி விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். வலது கையின் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில், தோல் தண்ணீரில் ஊறிய பாண் ரொட்டித் துண்டைப்போல வெளுத்து உரிந்திருந்தது. அதற்கடியில் பச்சைப் புண்ணாய்ச் சிவந்து கிடந்தது.

"பார்த்தீங்களா மிஸ்! என் புள்ளைக்கு இடுப்புக்குக் கீழ எல்லாம் வெந்து போய்க் கெடக்கு. எங்கருந்து வந்துச்சுன்னு ஒரு வாரமா மண்டையப் போட்டுக் கொழப்பிக்கிட்டு இருக்கேன். இந்தக் கையாலதான் தெனமும் தொடைச்சி விட்டிருக்காங்க!"

பின்னால் நின்ற தாய்மார் தங்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டார்கள். நேற்றுவரை "ஆயாம்மாகிட்ட போ" என்று இறக்கிவிட்டு ஓடியவர்கள் அவர்கள்!

பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர் யசோதினி மிஸ் பூனாகலைப் பக்கத்துப் பெண். நல்லவள்தான். ஆனால் பதினொரு தாய்மாரின் வாய்க்கு முன்னால் நல்லவள் என்ன செய்ய முடியும்?

"இராக்கம்மா அக்கா, நான் உங்களப் போகச் சொல்லல. இது என்ன நோய், புள்ளைங்களுக்கு ஒட்டுமா ஒட்டாதான்னு பதுளையில டொக்டர்கிட்ட எழுதின துண்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. தீபாவளி வரைக்கும் உங்க எடத்த வச்சிருக்கேன். அதுக்கு மேல தோட்டத்துத் துரை வேற ஆளப் போடச் சொல்லிருவாரு."

தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்தது. அதுவரைக்கும் அவளை மறுபடியும் மலைக்கு அனுப்பினார்கள். பிள்ளையைத் தொடக்கூடாத கை கொழுந்தைத் தொடலாமாம். அந்தத் தேயிலையைக் குடிக்கப் போகிறவர்கள் யாருடைய பிள்ளைகளோ!

உண்மையில் அந்தப் புண் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இராக்கம்மா அதற்கு மருந்து பூசாமலும் இல்லை. வரிசை வீடுகளாய்க் கட்டிய அவர்கள் லயத்தில் ஒரு டியூப் சுற்றிக்கொண்டிருந்தது. கிருஷாந்தியின் புருஷன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறவன், லீவில் வந்தபோது கொண்டுவந்த களிம்பு. முகப்பருவுக்கு ஒரு வீடு, கொசுக்கடிக்கு ஒரு வீடு, அரிப்புக்கு ஒரு வீடு என்று பன்னிரண்டு காம்பராவுக்கும் போய்வந்ததில் அதன் மூடி தொலைந்துவிட்டது, பெயரும் அழிந்துவிட்டது. பூசினால் இரண்டு நாளில் சிவப்பு அடங்கும். விட்டால் ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். திரும்பி வந்தால் மறுபடி பூசுவாள். அவள் அறிந்த வைத்தியம் அதுதான்.

முதல் தடவை பதுளைக்குப் போன அன்று விடியுமுன்பே எழுந்து, மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் குளித்தாள். பதுளைக்குப் போவதென்றால் அந்த லயத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். சவர்க்காரம், மஞ்சள், பெட்டியில் மடித்து வைத்த சேலை, கழுத்துக்குப் பவுடர். எத்தனையோ வருடங்களுக்கு முன்னால், மலையில் இருந்து நேரே பஸ்ஸேறிய ஒரு நாள், பக்கத்தில் இருந்த பெண் லேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்துபோய் முன்னால் நின்றுகொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சொல்லாத வார்த்தைதான் இராக்கம்மாவை இத்தனை வருடமும் தேய்த்துத் தேய்த்துக் குளிக்க வைத்தது. அன்றும் விரலிடுக்கைப் பீர்க்கங்கூட்டால் இரத்தம் கசியத் தேய்த்தாள். எரிச்சல் தாங்காமல் டியூபைப் பிதுக்கி ஒரு பூச்சுப் பூசிக்கொண்டாள்.

தோல் கிளினிக்கில் அவளைப் பார்த்தவர் டொக்டர் நஸ்மியா. 'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்றாலும், தமிழில் பேசுகிற டொக்டர் கிடைத்ததே கடவுள் செயல் என்று இராக்கம்மா நினைத்தாள்.

"இதுக்கு ஏதும் பூசினீங்களா அம்மா?"

"இல்லிங்க டொக்டரம்மா."

ஏசுவார்களோ என்ற பயத்தில் வாய் தானாகச் சொன்ன பொய்.

"வேற எங்கயாவது இப்பிடி ஈக்கா?"

"இல்லிங்க."

அது இரண்டாவது பொய். அதைச் சொல்லும்போது அவள் சேலைத் தலைப்பை மார்பின்மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

டொக்டர் அவளை இருட்டறைக்குக் கூட்டிப்போய் ஊதா நிற விளக்கைக் கையில் பிடித்துப் பார்த்தார். "சில கிருமி ஈந்தா இந்த வெளிச்சத்துல பவளம்போல செவப்பு வரும். இதுல ஒண்டும் வரல்ல" என்றார். விரல் நுனியில் குத்தி இரத்தத்தில் சீனியைப் பார்த்தார்கள். சீனி இல்லை. பிறகு மழுங்கிய கத்தியால் விரலிடுக்கைச் சுரண்டி, வந்த தூளைக் கண்ணாடித் துண்டில் போட்டு, ஒரு சொட்டு மருந்தை விட்டு உள்ளே எடுத்துப் போனார்கள். இரண்டு மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த பிறகு கையில் எழுதிய துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள்.

"பங்கசுக் கிருமி ஒண்டும் காணல்ல" என்றார் டொக்டர், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. "ஆனா பார்க்க அப்பிடித்தான் ஈக்கு. ரெண்டு கிழமை கழிச்சு வாங்க. அதுவரைக்கும் அந்த எடத்துல எதுவும் பூச வேணாம். சோப்பும் போட வேணாம். சரியா?"

"சரிங்க."

இராக்கம்மாவின் காதில் முதல் வசனம் மட்டும்தான் விழுந்தது. ஒன்றும் இல்லை! அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த இரண்டு மைலையும் முழங்கால் வலி தெரியாமல் ஏறினாள். யசோதினி மிஸ் துண்டை வாங்கி வாசித்தாள். முகம் மலரவில்லை.

"பங்கசு தெரியலன்னுதான்க்கா எழுதியிருக்கு. அப்ப இது என்ன நோய்? அது இதுல இல்லையே. மறுபடியும் வரச் சொல்லி வேற போட்டிருக்கு."

வாசலில் நின்ற கிருஷாந்தி கேட்டாள்: "என்னா மிஸ், டொக்டருக்கே பேரு தெரியாத நோயா?"

அன்று மாலைக்குள் அந்த வார்த்தை மூன்று லயங்களையும் சுற்றி வந்துவிட்டது. இரண்டு மணித்தியாலப் பயணம் போய், ஒரு நாள் பேரையும் அதற்கான சம்பளத்தையும் இழந்து, வெறும் புண்ணைப் பெயர் தெரியாத நோயாக மாற்றிக்கொண்டு வந்திருந்தாள் அவள்.

அடுத்த பதின்மூன்று நாளும் டொக்டர் சொன்னபடியே இருந்தாள். எதுவும் பூசவில்லை. விடாத மழை. இடுப்பில் கட்டிய படங்குத் துணியும் ஈரம், இரவிக்கையும் ஈரம், கையும் ஈரம். விரலிடுக்கு வெடித்து, ஒவ்வொரு கொழுந்தைக் கிள்ளும்போதும் மிளகாய் வைத்ததுபோல எரிந்தது. அவள் யாருக்கும் காட்டாத இன்னொரு இடமும் எரிந்தது. பக்கத்து நிரையில் நின்ற பெண்கள் தேத்தண்ணீர் நேரத்தில் அவளுக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். அதைக் கண்டும் காணாதவள்போல எடுத்துக் குடித்தாள்.

பதினான்காம் நாள் காலை, தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த அவள் புருஷன் தர்மலிங்கம் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏய், இந்தக் கோலத்துலயா பதுளைக்குப் போற?"

"டொக்டரம்மா சோப்புப் போட வேணாம்னு சொன்னாங்க."

"அவங்க சொல்லுவாங்க. அவங்க கிட்டப் போயி நாத்தத்தோட நின்னு பாரு. கையுறையக்கூட மாட்டாம வெளிய போன்னுருவாங்க. கைய மட்டுமாவது கழுவிக்கிட்டுப் போ, மனுசி!"

இராக்கம்மா பஸ்ஸில் மூக்கைப் பொத்திய பெண்ணை நினைத்தாள். ஒரே ஒரு தடவைதானே என்று நினைத்தாள். பீலியடிக்குப் போனாள். மஞ்சளும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தாள். தேசிக்காய்ப் புளி உயிரை எடுத்தது. அந்த எரிச்சலை அடக்க, பக்கத்துக் காம்பராவில் இருந்த டியூப் மறுபடி கைக்கு வந்தது.

இரண்டாவது கண்ணாடியும் வெறுமையாகவே வந்தது.

டொக்டர் நஸ்மியா துண்டை மேசையில் வைத்துவிட்டு, அவள் கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மஞ்சள் வாசம்.

"அம்மா, உண்மையச் சொல்லுங்க. குளிச்சீங்களா?"

இராக்கம்மா கையை இழுத்துக்கொண்டாள். இந்த ஊர் அவளிடம் கேட்காமல் கேட்டதெல்லாம் ஏன் குளிக்கவில்லை என்றுதான். குளித்ததற்காக யாரும் அவளைக் குற்றவாளியாக நிறுத்தியதில்லை.

"குளிச்சேங்க. மருந்தும் பூசினேன். மொதத் தடவையும் பூசித்தான் வந்தேன்."

டொக்டர் பேனையைப் போட்டார். "என்ன மருந்து?"

"பேரு அழிஞ்சு போச்சுங்க. பூசினா செவப்பு நிக்கும்."

"நிக்கும், நிக்கும். உள்ளுக்குப் போய் ஒளிச்சுக்கும்! அம்மா, சும்மா ஈந்தா இதை நான் பார்த்த உடனே சொல்லேலும். அந்த டியூப் இதுட மொகத்தையே மாத்திட்டு. அதனாலதான் சுரண்டிப் பார்க்கிறேன். சுரண்டினா அந்த ஊத்தையிலதான் கிருமி ஈக்கும். எனக்குத் தேவை அந்த ஊத்தை. நீங்க அதக் கழுவி ஓடையில விட்டுட்டு வந்து, இங்க தேடச் சொல்றீங்க!"

"துண்ட மட்டும் எழுதித் தாங்களேன் டொக்டரம்மா. தீபாவளி வந்துருச்சுங்க."

"மருந்து தர ஏலும். இது இதுதான்னு கையெழுத்து வைக்க நான் கண்ணால காணணும். சிரங்கும் கைவிரலுக்குள்ளதான் வாற. அது புள்ளைகளுக்கு ஒட்டும். நாளைக்கு ஒரு புள்ளைக்கு வந்தா நீங்களா பதில் சொல்றது, நானா?"

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் இராக்கம்மாவுக்கு உடைந்துகொண்டு வந்தது.

"குளிக்காம வந்தா தோட்டத்தாளு நாறுதுன்னு மூக்கப் பொத்துறாங்க. குளிச்சிட்டு வந்தா ஏன் குளிச்சேன்னு நீங்க ஏசுறீங்க. நான் என்னாதாம்மா செய்யிறது? எந்தக் கோலத்துல வந்தா என்னைய மனுசின்னு ஒத்துக்குவீங்க?"

வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டொக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, கோபம் இறங்கிய குரலில் சொன்னார்:

"தீபாவளிக்கு முந்தின கிழமை வாங்க. குளிக்காம வாங்க. நான் மூக்கப் பொத்த மாட்டேன்."

அந்த இரண்டு வாரத்தை எப்படிக் கழித்தாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். டியூபை அவளே கொண்டுபோய்க் கிருஷாந்தியின் வாசல் படியில் வைத்துவிட்டு வந்தாள். "என்னா, ரோசமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பிள்ளைக் காம்பராவில் தற்காலிகமாக வேலைக்கு வந்த பெண் பிள்ளைகளை அதட்டும் சத்தம் மலைவரை கேட்டது. துவாரகனின் அழுகையை அவள் தனியாகப் பிரித்தறிவாள். அது கேட்கும்போதெல்லாம் கை கொழுந்தில் நின்றுவிடும். "இராக்கம்மா, கனவு காணவா பேரு போடுறோம்?" என்று கங்காணி கத்துவார்.

மூன்றாவது தடவை போன அன்று, மலைக்குக் கட்டிய அதே சேலையோடு பஸ்ஸேறினாள். தலைக்கு எண்ணெய்கூட வைக்கவில்லை. பசறையில் ஏறிய ஒருவர் அவள் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நின்றுகொண்டே வந்தார். இராக்கம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. நில்லுங்க ஐயா, பதுளை வரைக்கும் நில்லுங்க என்று மனதுக்குள் கறுவினாள். உடம்பு கூசியது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

டொக்டர் நஸ்மியா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். கையைப் பிடித்து விரலிடுக்கைச் சுரண்டினார். பிறகு, முதல் நாள் கேட்டதையே மறுபடி கேட்டார்.

"வேற எங்கயும் இல்லையா அம்மா?"

இராக்கம்மா தரையைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி மறைக்க என்ன மிச்சம்? சேலைத் தலைப்பை விலக்கி, மார்புக்கு அடியில் விரலால் காட்டினாள்.

டொக்டர் திரையை இழுத்து மூடிவிட்டுப் பார்த்தார். அங்கே டியூப் அதிகம் போயிருக்கவில்லை. வெட்கத்தில் அவள் அந்த இடத்தை மருந்துக்குக்கூட மறைத்து வைத்திருந்தாள். மடிப்புக்குள் ஈரச் சிவப்பு. அதன் ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், தாய்க்கோழியைச் சுற்றிக் குஞ்சுகள் நிற்பதுபோல.

"யா அல்லாஹ்! இத மொத நாளே காட்டியிருந்தா எனக்குப் பாதி வேலை முடிஞ்சிருக்கும். இந்தப் புள்ளிதான் இதுட அடையாளம்."

அங்கேயும் சுரண்டினார்கள். அன்று டொக்டர் தாமே கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து, "இராக்கம்மா, வாங்க, நீங்களே பாருங்க" என்று கூப்பிட்டார்.

ஒற்றைக் கண்ணை மூடி, கருவியில் மறு கண்ணை வைத்தாள் அவள். மங்கலான வெளிச்சத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. சவ்வரிசிபோலக் குட்டிக் குட்டி உருண்டைகள். சில உருண்டையின் முதுகில் இன்னொரு குட்டி முளைத்துக்கொண்டிருந்தது. இடையிடையே நூல் நூலாய் எதுவோ ஓடியது.

"இதாங்களா?"

"இதுதான். பாண் பொங்கப் போடுற ஈஸ்ட் ஈக்கே, அதுட சாதியில ஒண்டு. எல்லார்ட ஒடம்புலயும் ஈக்கிறதுதான், என்ட ஒடம்புலயும் ஈக்கு. சும்மா கெடக்கும். ஈரம் காயாத எடம் கெடச்சாப் பெருகிடும். ஒரு நாளைக்கு எத்தன தரம் கை தண்ணிக்குள்ள போகும்?"

இராக்கம்மா கணக்குப் பார்த்தாள். பதினொரு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஐந்து, ஆறு மூத்திரத்துணி. எல்லாவற்றையும் அலசி, சவர்க்காரம் போட்டுத் துவைத்து, மறுபடி அலசி, கையைத் துடைக்க நேரமில்லாமல் அடுத்த பிள்ளையைத் தூக்கி...

"நாள் பூரா தண்ணியிலதாங்க."

"அப்ப அங்கருந்துதான் வந்திருக்கு. நீங்க புள்ளைகளுக்குக் குடுக்கல்ல. அந்த வேலை ஒங்களுக்குத் தந்தது."

துவாரகனின் இடுப்பைப் பற்றியும் அவள் சொன்னாள். ஈரத்துணி நனைந்து வெளியே வராதிருக்க, கிருஷாந்தி அதற்குமேல் பொலித்தீனைச் சுற்றிக் கட்டுவதைச் சொன்னாள். டொக்டர் தலையில் கை வைத்தார். "அந்த டியூபையும் பூசியிருப்பாங்களே?"

"பூசினாளுங்க."

அழுகை வரும் என்று இராக்கம்மா எதிர்பார்த்தாள். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஆறு வருடமாகத் துவைத்த துணிகளுக்கெல்லாம் சேர்த்து வந்தது.

டொக்டர் தமிழிலேயே துண்டை எழுதினார். மருந்தும் கொடுத்தார். துவாரகனையும் கூட்டிவரச் சொன்னார். "விரலுக்கு நடுவுல காஞ்சே ஈக்கணும். காயல்லன்னா எந்த மருந்தும் வேலை செய்யாது, விளங்கிச்சா?"

மறுநாள் காலை பிள்ளைக் காம்பரா வாசலில் யசோதினி மிஸ் அந்தத் துண்டை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். ஈஸ்ட் என்ற பங்கசுதான். கண்ணாடியில் பார்த்து உறுதி செய்யப்பட்டது. பிள்ளைகளைத் தூக்குவதால் ஆபத்தில்லை. மருந்து தொடர வேண்டும். ஈர வேலையைக் குறைத்து, கையை உலர்வாக வைத்திருக்க வேண்டும்.

"உங்க எடம் உங்களுக்குத்தான்க்கா" என்றாள் மிஸ்.

"வாரேன் மிஸ். ஆனா மூத்திரத்துணிய இனிமே அவங்கவங்க வீட்டுல கொண்டுபோயித்தான் தொவைக்கணும். நான் நனைஞ்சத மாத்தி, ஒரு வாளியில போட்டு வைப்பேன். அம்புட்டுதான்."

"அடேங்கப்பா, ஆயாம்மாவுக்கு ராணி உத்தியோகமா?" என்று கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள்.

"ஆமா புள்ள. ஒனக்கு வேணும்னா நீ வந்து தொவை. ஒன் வெரலு எத்தன நாளைக்குத் தாங்குதுன்னு பாப்போம்."

கிருஷாந்தி மட்டும் பிள்ளையோடு வாசலிலேயே நின்றாள். "அப்ப என் புள்ளைக்கு எப்படி வந்துச்சாம்?"

"ஈரத்துணி, அதுக்கு மேல நீ கட்டுற பொலித்தீன், அதுக்கும் மேல ஒன் டியூபு. புள்ளையக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. என் சொல்ல நம்ப வேணாம், நீயே போயிக் கேளு."

கிருஷாந்தியின் முகம் கறுத்தது. எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்திலிருந்து கங்காணியின் குரல் வந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் வராதவர்களுக்கு அரை நாள் பேர்தான். மற்றவர்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓடினார்கள். ஒரு சிலர் இராக்கம்மாவின் கையில் கொடுக்காமல் பாயில் வைத்துவிட்டு ஓடினார்கள். அதையும் அவள் பார்த்தாள்.

"பயமா இருந்தா முதுகுல கட்டிக்கிட்டு மலைக்குப் போ" என்றாள் இராக்கம்மா. "நான் கையேந்தி நிக்க மாட்டேன்."

சொன்னாளே தவிர, துவாரகன் அவளைக் கண்டுவிட்டான். தாயின் இடுப்பிலிருந்து துள்ளி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு முன்னால் சரிந்தான். விழப் போன பிள்ளையை இருவருமே பிடித்தார்கள். அந்த வினாடியில், அவனுக்கு வேறு எதுவும் தோன்றாததுபோல, இராக்கம்மாவின் வலது கைமேல் சுடச்சுட மூத்திரம் பெய்தான்.

"ஐயோ, கை!" என்று கத்தினாள் இராக்கம்மா. "காஞ்ச துணி ஏதாச்சும் குடு, சீக்கிரம்!"

சுற்றிலும் காய்ந்த துணி ஒன்றும் இல்லை. கீழே கங்காணி இரண்டாவது முறையாகக் கத்தினார். கிருஷாந்தி ஒரு கணம் களத்துப் பக்கம் பார்த்தாள். பிறகு தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். இராக்கம்மாவின் கையைப் பிடித்து, நடுவிரலையும் மோதிர விரலையும் விரித்து, அந்த இடுக்கில் துணியை நுழைத்து ஒற்றி எடுத்தாள். ஒரு முறை. மறுபடியும் ஒரு முறை.

"எரியுதாக்கா?"

"எரியுதுடி" என்றாள் இராக்கம்மா. இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "இன்னும் கொஞ்சம் தொடை. ஈரம் இருக்கு."